பயங்கர வாதம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது மாமா அவுஸ்திரேலியக் குடிமகன் ஆனார். மாமா என்றால் அம்மாவின் தம்பி; கிளேட்டனில் எங்கள் வீட்டின் முன்னறையில் ஐந்து வருடமாக இருந்தவர். குடியுரிமைப் பரீட்சைக்கு அவரிடம் கேள்வி கேட்டு, விடை பார்த்துச் சரி போட்டது நான்தான். ஆகவே அந்தக் குடியுரிமையில் பாதி என்னுடையது என்று எனக்கு ஓர் எண்ணம்.

குடியுரிமை வழங்கும் விழாவுக்குப் பத்து நாட்களுக்கு முன்பே பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். என் நீலச் சட்டை. கமராவுக்குச் சார்ஜ். மாமாவின் சப்பாத்துக்குப் பொலிஷ். நகரசபை கொடுக்கப்போகும் மரக்கன்றுக்கு ஒரு குழி. குழியை நானே தோண்டினேன். சந்தோஷத்தில் அது இரண்டு கன்று கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது.

ஃபிரிட்ஜின் மேல் ஒரு பழுப்பு உறையும் இருந்தது. அவுஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்ததும் இலங்கைக் குடியுரிமை தானாகப் போய்விடும். அதைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம் அதற்குள் இருந்தது. பிறந்த ஊருக்கு விசா எடுத்துப் போக மாட்டேன் என்பது மாமாவின் கட்சி. அவர் அதை எத்தனை இரவு இருந்து நிரப்பினார் என்று எனக்குத் தெரியும். முத்திரைகூட ஒட்டியாகிவிட்டது. விழாவுக்கு அடுத்த நாள் தபாலில் போடுவதாக ஏற்பாடு.

மாமாவுக்கு எதிலும் ஒரு கட்சி இருந்தது. நடுவர் கொடுத்த ஆட்டமிழப்பு சரியா, இடியப்பத்துக்குச் சம்பல் வேண்டுமா, எந்தத் தெருவால் போனால் ஸ்டேஷன் கிட்ட என்று அப்பாவோடு சாப்பாட்டு மேசையில் மணிக்கணக்காக மல்லுக்கு நிற்பார். "இவன் பயங்கரமா வாதாடுறான்" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அது பெருமையா முறைப்பாடா என்று பிடிபடாத குரலில் சொல்லுவார்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது காரில் தமிழ் வானொலி போய்க்கொண்டிருந்தது. இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் பயங்கரவாதத்தில் ஈடுபட்டால் அவர்களுடைய அவுஸ்திரேலியக் குடியுரிமையைப் பறிக்கச் சட்டம் வரப்போகிறது என்று ஒருவர் வாசித்தார். அப்பா சத்தத்தைக் குறைத்தார். அந்த வாரம்தான் தமிழ்ப் பள்ளியில் சொற்களைப் பிரித்து எழுதக் காட்டியிருந்தார்கள். நான் மனத்துக்குள் பிரித்தேன். பயங்கரம், வாதம்.

கன்பராவில் இருக்கிறவர்களுக்கு எங்கள் சாப்பாட்டு மேசையைப் பற்றி எப்படித் தெரிந்தது என்பது மட்டும்தான் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் கேட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே 'டெரரிசம்' என்றார். கேள்விப்பட்ட சொல்தான். ஆனால் அது வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவார்கள், ஆகவே அர்த்தம் என்னிடம் வந்து சேர்ந்ததில்லை. இப்போது வந்துவிட்டது. உடனே இரண்டாவது பட்டியல் எழுதினேன்: மாமா பயங்கரவாதத்தைத் தொடங்கினால் செய்ய வேண்டியவை. தண்ணீரை ஊற்றிவிடுவது. இருமுவது. வீட்டுப்பாடக் கணக்கில் சந்தேகம் கேட்பது. அடுத்த மூன்று நாளும் மேசைவிரிப்பு காயவே இல்லை. ஆனால் ஒரு வாதமும் முடிவுவரை போகவில்லை.

விழா நாளன்று மண்டப வாசலில்தான் எல்லாம் கைமீறிப் போனது. ஒருவருக்கு இரண்டு விருந்தினர்தான் என்றார் பெயர்களைச் சரிபார்த்த பெண். நாங்கள் மூன்று பேர். மாமா ஒரு குழந்தையை எப்படி முழு ஆளாகக் கணக்கெடுக்கலாம் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அவருடைய குரல் ஏறியது, கை ஏறியது. ஊற்றுவதற்குத் தண்ணீர் இல்லை. இருமினேன், ஒருவரும் பார்க்கவில்லை. குடியுரிமை கையில் வருவதற்கு முன்பே, அதைக் கொடுக்கிறவர்களின் முன்னாலேயே அதைப் பறிகொடுக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் முன்னால் போய், என் மாமா டெரரிசம் செய்வதை நிறுத்திவிடுவார், தயவுசெய்து அவருடைய குடியுரிமையைப் பறிக்க வேண்டாம் என்று நல்ல ஆங்கிலத்தில், உரக்கக் கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. அப்பாவின் கை என் தோளை இறுக்கியது. மாமா பாதி வசனத்தில் வாயை மூடினார். அந்தப் பெண் குனிந்து, என்ன சொன்னாய் என்று மறுபடி கேட்டார். நான் ஒழுங்காக விளக்கினேன்: முதலில் சொல், பிறகு பிரிப்பு, பிறகு அம்மா சொல்லும் வசனம். கேட்டு முடித்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் கையில் ஒரு சின்னக் கொடியைத் தந்து, தானே போய் மூன்றாவது கதிரை கொண்டுவந்து போட்டார். அப்பாவும் சிரித்தார், தேவைக்கு மேல் சத்தமாக. மாமா அழைப்புக் கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

அதன் பிறகு எல்லாம் பட்டியலின்படி நடந்தது. மாமா உறுதிமொழி சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்காது. நான் கொடியை ஆட்டினேன். தேங்காய்ப்பூப் போட்ட கேக் மூன்று துண்டு சாப்பிட்டேன். கன்றை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குழியடியில் மாமா என் உயரத்துக்குக் குந்தியிருந்தார்.

"பிள்ளை, அந்தச் சொல்லை வேறை ஆருக்கும் சொன்னனியே?"

இல்லை, இரண்டாவது பட்டியலில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். பட்டியலைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பழுப்பு உறையோடு வந்தார். அப்பா பின்னால் ஓடிவந்தார்.

"அவசரப்படாதை மச்சான். ரெண்டு நாட்டுக் குடியுரிமையும் இருக்கட்டும். அந்தச் சட்டம் வேறை ஆக்களுக்கு."

"ஆர் அந்த ஆக்கள் எண்டு ஆர் அத்தான் எழுதுறது?"

வழக்கமாக மாமா இந்த இடத்தில்தான் சூடுபிடிப்பார். அன்று உறையை நான்காகக் கிழித்துக் குழிக்குள் போட்டார். கடதாசி உக்கினால் மரத்துக்கு நல்லது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அதை அவருக்குச் சொன்னேன். "ஓம், நல்லதுதான்" என்றார். கன்றை நட்டோம். ஒரு பெரிய மனிதரை நான்கு நாளில் திருத்திவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கை கழுவ வந்தபோது குசினிக்குள் அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அங்கை இந்த ஒரு சொல்லுக்குத்தானே அவன் ரெண்டு வருசம் உள்ளுக்கை இருந்தவன். ஆரோ ஒருத்தனோடை ஒண்டாப் படிச்சவன் எண்டு."

இரண்டு வருடம் உள்ளுக்குள்ளேயே! மழையும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், ஒரு சொல்லுக்காக. பனிக்காலத்திலும் மாமா தன் அறை யன்னல்களைத் திறந்தே வைத்திருப்பது ஏன் என்று எனக்கு விளங்கிவிட்டது. மூன்றாவது பட்டியலை அங்கேயே எழுதினேன். அதில் ஒரே ஒரு வரிதான்: மாமாவை ஒவ்வொரு நாளும் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்த நாள் பின்னேரமே சப்பாத்தைப் போடச் சொல்லி அவரை இழுத்துக்கொண்டு போனேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எந்தத் தெருவால் போவது என்றுகூட வாதாடவில்லை.