பூவனலிங்கம் வாங்கிய பாரிஸ் பாலம்

கோவில்பட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பூவனலிங்கத்துக்கு ஒரு கிறுக்கு உண்டு. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டிய நகரக் காட்சிப் படங்களைத் தேடித் தேடி வாங்குவார். லென்ஸ் வைத்த பெட்டிக்குள் பார்ப்பதற்காகவே செய்த படங்கள் அவை. லென்ஸைப் பற்றிப் படிக்கப்போய்த்தான் அவர் இதில் விழுந்தார். பாரிஸில் சான் ஜாக் தெருவில் கடை போட்டிருந்த அந்தக்கால அச்சுக்காரர்களைப் பக்கத்துக் கடைக்காரர்கள் மாதிரிப் பேசுவார்.

"அவனுக பாதி ஊரைக் கண்ணால பார்த்ததே இல்ல. கேள்விப்பட்டதை வச்சே செதுக்கிருக்கானுக" என்று சிரிப்பார்.

பாரிஸிலிருந்து ஒரு படம் வரவேண்டியிருந்த சமயத்தில், வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, வீடியோ அழைப்பு வந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவன்.

"உங்க பேருக்கு வந்த வெளிநாட்டுப் பார்சல் மும்பையில பிடிபட்டிருக்கு."

"பாரிஸ்ல இருந்து வந்ததா?" வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"அதேதான். உள்ளே போதை மருந்து. கேமராவை விட்டு நகரக் கூடாது. யார்கிட்ட பேசினாலும் உடனே கைது."

சுவரில் இருந்த படங்களைக் காட்டச் சொன்னான். பூவனலிங்கம் காட்டினார். எல்லாம் திருட்டுச் சரக்கு என்றான் அவன். கடைக்குப் பூட்டு, பேப்பரில் போட்டோ, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் முகம் எல்லாம் கண்முன் வந்து நின்றன. சிறுநீர் கழிக்கப் போகட்டுமா என்று கெஞ்சினார். முதலில் வங்கிப் பணத்தையெல்லாம் நாங்கள் சொல்லும் கணக்குக்குச் சோதனைக்காக அனுப்பு என்றான்.

கீழே தபால்காரர் பேச்சிராஜா குரல் கேட்டது. "அண்ணாச்சி, பாரிஸ் பார்சல் வந்திருக்கு."

தன்னை வெளியே இழுத்துப் பிடிக்கத்தான் போலீஸ் செய்த ஏற்பாடு இது என்று பூவனலிங்கம் நம்பினார். கேமரா முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்காகக் கடையிலிருந்து வந்த மனைவி ராதாமணிதான் வாசலில் கையெழுத்துப் போட்டு, பார்சலோடு மாடியேறினாள்.

"என்ன செய்யுது உங்களுக்கு? இப்படி வேர்த்து ஊத்துது. நெஞ்சு வலிக்குதா?"

அவர் வாயில் விரல் வைத்து, கண்ணீரோடு தலையாட்டினார். "யாரது? மும்பையில இருக்கிற பார்சலைப் பத்தி மூச்சு விடாதே" என்று போன் அதட்டியது.

ராதாமணி போனைக் கையில் எடுத்தாள். "எந்தப் பார்சலு? பாரிஸ்ல இருந்து வந்தது இந்தா, இங்கனல்லா இருக்கு. நீ எவம்லே?"

அழைப்பு அறுந்தது.

அவளே அவரை போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். இதே மோசடியில் சேமிப்பையெல்லாம் இழந்தவர்களைப் பற்றிச் சொன்னார்கள். ஆனாலும் பயம் போகவில்லை. உள்ளே நிஜமாகவே ஏதாவது இருந்தால் என்று பார்சலைத் தொடவே மாட்டேனென்றார். கடைசியில் ராதாமணி கத்தரியால் வெட்டி விரித்தாள். சேன் நதிப் பாலம், குதிரை வண்டிகள், நீல வானம். அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியவர் தள்ளி நின்றே, "அட்டைக்குப் பின்னால பாரு, வேற ஒண்ணும் இல்லையே?" என்றார்.

படம் வாங்குவதை அவர் விடவில்லை. பார்சல்கள் மட்டும் இப்போது ராதாமணி பேருக்கு வருகின்றன.