கீழே விழும் சாவி

வெண்டல் ஹாஸ்கின்ஸ் கார் சாவியைக் கீழே போட்டுவிட்டு, ஒன்றுமறியாதவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எதிரே இருக்கும் பையன் குனிந்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது முதுகு எப்படி வளைகிறது, எந்தக் காலில் பாரம் விழுகிறது என்பதையெல்லாம் ஓரக்கண்ணால் அள்ளிக்கொள்வார். ஏழடிப் பையன்களின் உடம்பு குனியும்போதுதான் உண்மை பேசும் என்பது அவர் கட்சி.

வயது அறுபத்து மூன்று. ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணிக்காக ஊர் ஊராகப் போய், கூடைக்கு அடியில் நின்று ஆடும் 'சென்டர்' பையன்களை எடைபோடுவது வேலை. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத டிராஃப்டில் யாரை எடுக்கலாம், யாரைத் தொடவே கூடாது என்று எழுதிக் கொடுப்பவர் இவர்தான். காகிதத்தில் ஏழடி என்று இருந்தால் ஷூவுக்கு ஓர் அங்குலம், பொய்க்கு ஓர் அங்குலம் கழித்துவிடுவார். காலையில் எல்லோருமே அரை அங்குலம் கூடுதலாக இருப்பார்கள் என்பதால் மாலையில்தான் அளப்பார். கொண்டை போட்டவன் வந்தால் கொண்டையை அமுக்கிப் பிடித்து அளப்பார். "முடியை வெச்சா பந்தைத் தடுக்கப் போறே தம்பி?"

வீடியோவை நீட்டினால் வாங்க மாட்டார். "நல்லதை மட்டும் வெட்டி ஒட்டினா நானும் சாம்பியன்தான்." பெட்ரோல் பங்கில் முட்டை சாண்ட்விச் வாங்கினால்கூட, ரொட்டியைத் திறந்து உள்ளே முட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடிப்பார்.

இந்தச் சந்தேகம் பிறவிக் குணம் அல்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கார்லிஸ் என்று ஒரு பையன். அவன் பேச்சும் சிரிப்பும் பிடித்துப்போய், கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்தார். பாதத்து எலும்பில் விரிசலை மறைத்துக்கொண்டு, வலி மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தவன் அவன். பத்தொன்பது ஆட்டம், அவ்வளவுதான். இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறான். அதிலிருந்து, யாரையாவது பிடித்துப்போனால் வெண்டலுக்கு அவன்மேல்தான் முதலில் சந்தேகம் வரும்.

மே மாதம், சிகாகோவுக்கு மேற்கே ஒரு வாடகை ஜிம். ஆட்டக்காரர்களுக்கு அணி பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ரோஸ்கோ, தன்னிடம் புதிதாகச் சேர்ந்த பையன் எல்டன் மேப்ரியைக் காட்டக் கூப்பிட்டிருந்தார். வழக்கம்போல வெண்டல் சாவியைப் போட்டார். ஓசை அடங்குவதற்குள் எல்டன் எடுத்து நீட்டிவிட்டான். இரண்டு முழங்காலும் ஒன்றாக மடங்கின, முதுகு நேராக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

"யாரு தம்பி சொல்லிக் கொடுத்தது?"

பையன் ஏஜென்ட்டைப் பார்த்தான். ரோஸ்கோ விழுந்து விழுந்து சிரித்தார். "அட போங்கண்ணே! உங்க சாவிக் கதை ஊருக்கே தெரியும். பசங்க அதையும் பிராக்டிஸ் பண்றானுங்க. இனிமே செங்கல்லைப் போட்டுப் பாருங்க!"

வெண்டல் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் கைகொடுத்த வித்தை போய்விட்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். எல்டன் குதித்தான், மோதினான், தவறவிட்ட பந்துக்காகத் தன்னையே திட்டிக்கொண்டான், தரையில் சிந்திய வியர்வையைத் தானே துடைத்தான். வெண்டலுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மருத்துவ அறிக்கை சுத்தமாகத்தான் இருந்தது. கார்லிஸின் அறிக்கையும் அப்படித்தான் இருந்தது. மாலைக்குள் அணிக்குப் பதில் சொல்ல வேண்டும். நோட்டில் 'எடுக்கலாம்' என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

வெளியே குளிர்ந்த மழை தூறிக்கொண்டிருந்தது. கார் கதவருகே விரல் விறைத்து, சாவி நழுவி விழுந்தது. வேண்டுமென்று போடவில்லை; வேண்டுமென்றேதான் போட்டோமா என்று பிற்பாடு தன்னிடமே இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அவருடைய முழங்கால்கள் மடங்க மறுக்கும் ரகம். கதவைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"இருங்க சார், நீங்க குனியாதீங்க!" நாலு கார் தள்ளி நின்ற எல்டன் ஓடி வந்தான். வந்த வேகத்தில் கார் கூரையில் கை ஊன்றி, இடது காலைப் பின்னால் நீட்டி, வலது காலில் மட்டும் இறங்கி எடுத்தான்.

நிமிர்ந்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சாவி உள்ளங்கையில் இருக்க, அப்படியே நின்றான்.

"எத்தனை நாளா?" என்றார் வெண்டல்.

"அது சும்மா மரத்துப்போச்சு சார்."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"பிப்ரவரியிலேருந்து. எழுதிடாதீங்க சார். நீங்க எழுதிட்டா என்னை யாரும் எடுக்க மாட்டாங்க."

"மாத்திரை போட்டுக்கிட்டா ஓடுறே?"

எல்டன் சாவியை அவரிடம் நீட்டினான்.

வெண்டல் சாவியை வாங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை மடக்கி, பிறகு இன்னொன்றையும் மடக்கி, ஈரமான தார்த் தரையில் மண்டியிட்டார். பையனின் இடது ஷூவின் கயிற்றைத் தளர்த்தி, கார்லிஸுக்கு விரிசல் விட்டிருந்த அதே எலும்பைக் கட்டைவிரலால் தேடி, மெல்ல அழுத்தினார்.