குதிரையில் வந்த தாசில்தார்

அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கே படக்கதைக் கிறுக்குப் பிடித்திருந்தது. நீடாமங்கலம் ஜங்ஷன் புத்தகக் கடையில் கயிறு கட்டி, துணி காயப்போட்ட மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். மாதம் பிறந்தால் ஒரு புதுப் பெயர். ஒற்றைக் கண்ணன், காட்டு ராணி, விண்வெளிக்குப் போய்த் திரும்பி வராதவன். ரயிலுக்கு நிற்கிறவர்கள் வாங்குகிறார்களோ இல்லையோ, ஒரு முறை அண்ணாந்து பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன், ஆனால் கொஞ்சம் திமிரோடு. அந்தக் கயிற்றில் தொங்கிய ஒரு புத்தகத்தில் இருந்த எழுத்து அத்தனையும் என் கை எழுதியது.

தஞ்சாவூரில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், காதுகுத்து அழைப்பு என்று அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதலாளிக்குத் திடீரென்று ஆசை வந்துவிட்டது. “ஊர்ல எல்லாரும் போடுறான். நாம ஒண்ணு போட்டா என்ன, குடியா முழுகிடும்?” பம்பாய் ஏஜென்ட் ஒருவரிடமிருந்து வெள்ளைக்காரன் கதை ஒன்றைத் தாள் தாளாக வரவழைத்தார். தொப்பி, துப்பாக்கி, குதிரை. ஆட்கள் பேசுவதெல்லாம் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் இங்கிலீஷில் இருக்கும். பலூன் என்பார் முதலாளி. அந்த பலூனுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் தமிழில் எழுத வேண்டும். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அங்கே காகிதம் மடிக்கிற வேலை கேட்டுத்தான் போனேன். பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ஏம்மா, இது கையா, அச்சா?” என்றார். மறுநாளிலிருந்து நான் பலூன்காரி ஆகிவிட்டேன்.

எங்கள் ஊர் வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில். எங்கள் தெரு மொத்தமும் மிராசுதார் நிலத்தில், வாய்க்கால் கரையை ஒட்டி இருந்தது. அம்மாவும் நானும் மட்டும். அப்பா போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. பண்ணை வேலைக்குப் போகிறவரைக்கும் குடிசை, போகாவிட்டால் சட்டிபானையோடு ரோட்டுக்கு, இதுதான் அதுவரை நடப்பு. அப்போது புதிதாகச் சட்டம் வந்திருந்தது. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவருக்கே சொந்தம். அதிகாரி தெருவுக்கே வந்து விசாரிப்பார். என் வீடு, இத்தனை காலமாக இருக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் பட்டா. ஆண்டை இரக்கப்பட்டு விட்ட இடம் என்று சொன்னால் போச்சு, அடுத்த தைக்குக்கூட அங்கே இருக்க முடியாது.

சொல்ல வேண்டியது என் அம்மா. அதுதான் சிக்கல். மிராசுதார் முன்னால் அம்மா பேசி நான் கேட்டதெல்லாம் ஒரே பேச்சு, “ஆமாங்க ஆண்டே.” வெயில் அடிக்கிறது என்றாலும் அதுதான், மழை பெய்கிறது என்றாலும் அதுதான். அம்மாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. கூலித் தகராறில் களத்துமேட்டில் போலீஸ் வேன் நின்ற காலம் அது. வரப்பில் செங்கொடி நட்டால் விடிவதற்குள் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். கிழக்கே ஓர் ஊரில் கூலி கேட்டவர்களைக் குடிசையோடு கொளுத்தியதைப் பேசும்போது பெரிய மனுஷர்களே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

காலையில் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் எனக்குப் பாதித் தூக்கம்தான். கோவில்வெண்ணி தாண்டும்போது வயலில் பனி தரையோடு தரையாகப் படுத்திருக்கும். முந்தின நாள் எழுதிய குதிரைக்காரன் அந்தப் பனிக்குள்ளிருந்து வரப்பு மேலேயே வருவான். குதிரைக் கால் நாற்றில் படாது. மடை திறக்கிற ஆளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்குவான், அந்த ஆளும் முண்டாசை அவிழ்த்துத் தோளில் போடுவார். சாலியமங்கலத்தில் யாராவது கூடையைக் காலில் இடித்து எழுப்பிவிடுவார்கள். இப்போதும் அந்த நாட்களில் எது பார்த்தது, எது எழுதியது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிரித்து என்ன ஆகப்போகிறது?

கதையைத் தமிழாக்கியவர் ஒரு தமிழாசிரியர். கட்சி மேடையில் பேசுகிறவர், கையில் பேனா எடுத்தாலும் மேடைதான். துப்பாக்கிக்காரன் அங்கே இங்கிலீஷில் ஒரே வார்த்தை கத்தியிருப்பான். இவர், “புல்வெளி காக்கப் புறப்பட்ட புயலே, புல்லர்களின் புரட்டைப் பொடிப்பொடியாக்கப் பொங்கி வா!” என்று எழுதிக் கொடுப்பார். பலூன் என் கட்டைவிரல் நகத்தளவு இருக்கும்.

“ஐயா, பலூன் கொள்ளலைங்க.”

“கொள்ளலைன்னா பலூனைப் பெருசாக்கும்மா.”

“பெருசாக்குனா குதிரைத் தலை போயிடுதுங்க.”

“போகட்டுமே. குதிரையா பேசுது?”

அவர் அந்தப் பக்கம் போனதும் நான் “வாடா!” என்று எழுதிவிடுவேன். பாவம், நல்ல மனுஷர். அச்சான பிறகு படித்துப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார், பிறகு தானே சிரித்துவிட்டார்.

கதை இதுதான். பெரிய மாட்டுப் பண்ணைக்காரன் ஒருவன், ஓடைக்கரையில் குடியிருக்கிற ஏழைகளை விரட்டப் பார்க்கிறான். முதல் தாளிலேயே எனக்கு எங்கள் தெரு தெரிந்தது. ஆசிரியர் அவனுக்கு ‘மந்தைப் பெருநிலக்கிழார்’ என்று பெயர் வைத்திருந்தார். எந்த பலூனில் கொள்ளும் அது? நான் ‘மிராசுதார்’ என்று போட்டேன். ‘நிலவுரிமை ஆவணம்’ என்பதைப் ‘பட்டா’ ஆக்கினேன். நெஞ்சில் நட்சத்திரம் குத்தின ஓர் ஆள் இரண்டு துப்பாக்கியோடு வருவான், அவன் ‘சட்டங்காவல் தலைவர்’. நிலத்தகராறு என்றால் எங்கள் ஊரில் யார் வருவார்? ‘தாசில்தார்’ என்று எழுதிவிட்டேன். சரியா தப்பா என்று யோசிக்கவே இல்லை. எழுதி முடித்தபோது அவன் முகமே தாலுகா ஆபீஸ் முகமாக மாறிவிட்டது.

புத்தகம் வந்ததும் நீடாமங்கலத்து டீக்கடையில் ஒரே அமர்க்களம். “யோவ், தாசில்தாருக்குக் குதிரை குடுத்துட்டாங்கய்யா!” என்று ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் டீ ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “அந்த மிராசு தன் ஆளுங்களுக்கு என்ன கூலி குடுக்குறானாம்?” என்று ஒருவர் கேட்டார். அது புத்தகத்தில் இல்லை என்றதும், “அதைப் போடலைன்னா அப்புறம் என்ன கதை?” என்று அலுத்துக்கொண்டார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். அந்த ஒரு புத்தகத்தோடு அவர் ஆசை தீரவில்லை. அடுத்ததில்தான் கையைச் சுட்டுக்கொண்டு மறுபடி கல்யாணப் பத்திரிகைக்கே திரும்பினார்.

எனக்கும் தலைகால் புரியவில்லை. வாய்க்கால் கரையில் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தால், வாசலில் பண்ணைக் காரியக்காரர் நிற்கிறார். மிராசுதாருக்காகக் கணக்கு வழக்குப் பார்க்கிறவர். அம்மா குனிந்து நின்றிருந்தாள்.

“ஒம் பொண்ணு மிராசுதாரைச் சுடுற மாதிரி புஸ்தகம் போட்டிருக்காளாமே? சின்ன ஆண்டை படிச்சுட்டுக் கொதிச்சுப்போயி கெடக்காரு. நாளன்னைக்கு விசாரணைக்கு வர்றாங்க. ஆண்டை விட்ட இடம்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவரு கோவமெல்லாம் அதோட போயிடும்.”

“சரிங்க,” என்றாள் அம்மா.

அவர் தெருமுனை திரும்புகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கத்தினேன். “என்னத்துக்கும்மா சரிங்க? அவரு என்ன கேட்டாரு, நீ என்ன சொன்ன, தெரிஞ்சுதான் சொன்னியா?”

“வாயில வந்துடுச்சுடி,” என்றாள். அவளுக்கே அது பிடிக்கவில்லை என்று குரலில் தெரிந்தது. கொஞ்ச நேரம் அடுப்பை ஊதினாள். அப்புறம், “அந்தப் புஸ்தகத்தைக் கொண்டா, அப்படி என்னதான் எழுதினியோ பாப்போம்,” என்றாள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படத்தை அவள் பார்த்த மாதிரி நான்கூடப் பார்க்கவில்லை. பண்ணைக்காரன்மேல் விரலை வைத்தாள்.

“இவன்தான் ஆண்டையா?”

“எப்படிம்மா தெரிஞ்சுது?”

“காலை அகட்டிக்கிட்டு நிக்கிறானே.”

இன்னும் இரண்டு பக்கம் தள்ளினாள். ஓடைக்கரைக் குடிசை வாசலில் ஒரு பெண் நிற்கிற படம். “இவ யாரு? எல்லாருக்கும் தலைமேல வட்டமா இருக்கு, இவளுக்கு மட்டும் ஏன் மேகமாட்டம் இருக்கு?”

“அது பேச்சு இல்லம்மா. மனசுக்குள்ள நெனைக்கிறா. நெனைப்புன்னா அப்படித்தான் போடுவாங்க.”

“என்ன நெனைக்கிறா?”

“போக மாட்டேன்னு.”

“அது எதிர்க்க நிக்கிறவனுக்குக் கேக்குமா?”

“கேக்காது. படிக்கிற நமக்குத்தான் தெரியும்.”

“நல்லாருக்கு போ,” என்றாள். “ஊருக்கெல்லாம் தெரியுது. அவன் காதுல மட்டும் விழலையாக்கும். அப்புறம் எப்ப சொல்லுவா?”

“அவ சொல்ல மாட்டாம்மா. அடுத்த பக்கத்துல குதிரைக்காரன் வந்து அவளுக்காகப் பேசுவான்.”

அம்மா அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள். “நம்ம தெருவுக்குக் குதிரையெல்லாம் வராதுடி,” என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் ரயிலில் ஒரு கனவு வந்தது. வயலில் பெண்கள் வரிசையாக நடவு நடுகிறார்கள். ஒவ்வொருத்தி முதுகுக்கு மேலேயும் ஒரு மேகம். எல்லாம் வெள்ளை பெயிண்ட் அடித்து, காய்ந்து, எழுதத் தயாராக இருக்கிறது. நான் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வரப்பில் ஓடுகிறேன், மை எங்கேயும் கிடைக்கவில்லை. விழித்தபோது வண்டி தஞ்சாவூரில் நின்றுகொண்டிருந்தது. அன்று முழுக்க ஒரு பலூனும் ஒழுங்காக எழுத வரவில்லை.

விசாரணை அன்று லீவு சொல்லிவிட்டேன். இப்போது நினைத்துப் பார்த்தாலும் அந்த அதிகாரி குதிரையில் வந்து இறங்கியதாகத்தான் தோன்றுகிறது. வந்தது ஜீப்பில். பூவரச மரத்தடியில் மேஜை போட்டார்கள். அதிகாரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி. அதில் மிராசுதார் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே எவர் வாயில் என்ன வரும்? ஒவ்வொருவராகப் போனார்கள். “ஆண்டை விட்ட இடங்க.” “ஆண்டை போட்ட பிச்சைங்க.” எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்னைக் கேட்டால் சொல்லியிருப்பேன். ஆனால் என்னைக் கேட்கவில்லை.

அம்மா முறை வந்தது.

“எத்தனை வருஷமா இருக்கே?” என்றார் அதிகாரி.

அம்மாவுக்கு வருஷக் கணக்குத் தெரியாது. தரையைப் பார்த்தபடி நின்றாள். மிராசுதார் இளநீரிலிருந்து வாயை எடுத்தார். “அதான் நான் விட்ட இடம்னு சொல்லேன். ஆமாவா இல்லையா?”

“ஆமாங்க ஆண்டே.”

அவ்வளவுதான். அதிகாரி பேனாவைத் தாளில் வைத்தார். மரம், மேஜை, ஜீப் எல்லாம் தூரத்தில், தண்ணீருக்கு அடியில் தெரிவது போலத் தெரிந்தன.

“எழுதாதீங்க,” என்றது ஒரு குரல்.

அது அம்மா குரல் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

“எழுதாதீங்கய்யா. அது பழக்கத்துல வந்த பேச்சு. கொஞ்சம் கொல்லைப்பக்கம் வாங்க.”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. நடந்தாள். அதிகாரி எரிச்சலோடு எழுந்து தாளும் கையுமாகப் பின்னாலேயே போனார், தெருவும் போனது. மிராசுதாரும் வேறு வழியில்லாமல் வந்தார். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்துக்கும் வேலிக்கும் நடுவே, மெழுகிவிட்ட மாதிரி சுத்தமாக ஒரு சின்ன இடம். அங்கே போய் நின்றாள்.

“இங்க ரெண்டு புள்ளைங்க கெடக்குய்யா. ஒண்ணு தவழ்ற வயசுல போச்சு. இன்னொண்ணு கண்ணே தொறக்கல. ரெண்டையும் நான்தான் இந்த இடத்துல பொதைச்சேன். பொதைச்சுட்டு அன்னைக்கே நடவுக்கும் போனேன்.” அப்புறம் அவள் மிராசுதாரை நிமிர்ந்து பார்த்தாள். அவரை அவள் முகத்துக்கு நேராகப் பார்த்து நான் கண்டதே கிடையாது. “உங்க இடம்னா தோண்டி எடுத்துக் குடுங்க. ரெண்டையும் தூக்கிக்கிட்டுப் போயிடறேன்.”

எனக்கு முன்னால் இரண்டு பேர் பிறந்திருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான்தான் ஒரே பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேலியைப் பார்த்தபடி நின்றார்.

அதிகாரி முன்பு எழுத ஆரம்பித்ததை அடித்தார். தாளை முட்டியில் வைத்துக்கொண்டு, குரல் இறங்கி, “பேரு சொல்லும்மா,” என்றார்.

அம்மா ஒரு பெயரைச் சொன்னாள். அது நான் கேட்டே இராத பெயர்.

அவர் பாதி எழுதிவிட்டு நிமிர்ந்தார். “இது உன் பேராம்மா?”

“இல்லைங்கய்யா, தவழ்ந்துச்சே, அது பேரு,” என்றாள் அம்மா. “அதையும் சேத்தே எழுதிக்குங்க. அவளும் இங்கதான் இருக்கா.”