லிஃப்ட்காரர் மரம் ஏறினார்

பாதி ஆயுளை ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடியே மேலே போயும் கீழே வந்தும் கழித்தவர் அவர். ஏழு மாடி அலுவலகக் கட்டடம். ஏறுகிறவர்கள் மாடியைச் சொல்வார்கள், அவர் பட்டனை அழுத்துவார். திடீரென்று ஒரு நாள் கட்டடத்துக்காரர்கள் புது லிஃப்ட் மாட்டினார்கள். பட்டனை அழுத்த எல்லாருக்கும் விரல் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள் போலிருக்கிறது. "முக்காலிய வேணா எடுத்துட்டுப் போங்க" என்று மேலாளர் சொன்னார். என்ன பெருந்தன்மை!

ஐம்பதைத் தொடப்போகிற ஆளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? காவல் வேலைக்குப் போனால் தூங்கிவிடுவார் என்றார்கள். கடைக்குப் போனால் மூட்டை தூக்க முடியாது என்றார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் பார்க்க மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலைலேருந்து என் மூஞ்சியப் பார்த்துட்டு இருக்கீங்களே, அதுல என்ன படமா ஓடுது?" என்பாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்பாள்.

கடைசியில் கைகொடுத்தவன் அவளுடைய தம்பிதான். அவன் ஒரு மரம் வெட்டும் குழுவில் மரம் ஏறுகிறவனாக இருந்தான். வீட்டின் மேல் சாய்ந்த மரம், கம்பியில் உரசும் கிளை, பள்ளிக்கூட மதிலைப் பிளக்கிற வேர் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் லாரியில் போகிற குழு. மேஸ்திரியின் கையைக் காலைப் பிடித்து அக்காள் கணவனையும் அதில் சேர்த்துவிட்டான். முதல் நாளே குழு அவருக்கு 'லிஃப்ட்' என்று பெயர் வைத்துவிட்டது.

"லிஃப்ட், எந்த மாடி?" என்று மேலிருந்து ஒருவன் கேட்பான். கீழே வெட்டிப்போட்ட தழையைக் கூட்டிக்கொண்டிருக்கும் லிஃப்ட்காரர் பல்லைக் காட்டுவார். வேறு என்ன செய்வது? குழுவில் ஏறுகிறவனுக்குத்தான் மரியாதை. டீ முதலில் அவனுக்குத்தான் வரும், லாரியில் முன்சீட்டும் அவனுக்குத்தான். கூட்டுகிறவன் பின்னால் கிளைகளோடு கிளையாக வர வேண்டும். 'ஒரே ஒரு தடவை நானும் ஏறிக் காட்டணும்' என்ற வெறி அவருக்குள் புகுந்தது. காலையில் எழுந்து கதவு நிலையைப் பிடித்துத் தொங்கிப் பழகினார். அதைப் பார்த்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏறுகிறவன் ஆவதற்கு அந்தக் குழுவில் ஒரு வழிதான் உண்டு. அதற்குப் பெயர் 'குருவி விடுறது'. ஏறுகிறவனின் இடுப்புப் பட்டையில் மாட்டிய கயிறு உச்சிக் கிளையின் கவையில் விழுந்து கீழே வரும், அதன் நுனி கீழே நிற்பவன் கையில் இருக்கும். அவன் விட்டுக்கொடுத்தால்தான் மேலே இருப்பவன் இறங்க முடியும். புது ஆள் முதல்முறையாக உச்சிக்குப் போனதும், கீழே இருப்பவன் கயிற்றை அடிமரத்தில் கட்டிவிட்டு நைசாக நழுவிவிடுவான். சாப்பாடு முடிகிறவரை புது ஆள் குருவி மாதிரி அங்கேயே கிடக்க வேண்டும். சில சமயம் கீழிருந்து நாடகமும் நடக்கும். ஒருவன் பாம்பு என்று கத்துவான், இன்னொருவன் செத்தேன் செத்தேன் என்று முனகுவான். வாயைத் திறந்தால் போச்சு. திறக்காதவன் ஏறுகிறவன். போன மாதம் ஒரு முன்னாள் பெயின்டர் அரை மணி நேரத்தில் அம்மா அம்மா என்று அழுதுவிட்டான். அவன் இன்னும் தழைதான் கூட்டுகிறான். அன்று எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் லிஃப்ட்காரர்.

லிஃப்ட்காரரின் முறை வருவதற்கு முந்தின நாள் மைத்துனன் அவரை ஓரமாகக் கூப்பிட்டான்.

"மாமா, நாளைக்கு உன்னைத்தான் விடப்போறாங்க. நான்தான் கீழ நிக்கிறேன். என்ன ஆனாலும் வாயத் திறக்காதே. நானே கத்தினாலும் திறக்காதே. அக்கா மானத்த வாங்கிடாத."

"நீ வேணா பாரு மாப்ளே" என்றார் லிஃப்ட்காரர்.

மரம் ஒரு பழைய குடியிருப்பின் பின்பக்கம் இருந்தது. இலை அடர்ந்து, கீழே நின்றால் வானம் தெரியாது, மேலே போனால் தரை தெரியாது. லிஃப்ட்காரர் முட்டி தேய, மூச்சு வாங்க, ஒரு வழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். ரம்பத்தால் ஒரு கிளையை அறுத்தார். அது நேராகத் தரைக்குப் போகாமல் பாதியில் வேறு கொம்புகளுக்குள் சிக்கிக்கொண்டது. கிளை சிக்கினால் உடனே கீழே சொல்ல வேண்டும், அதுதான் தொழில். லிஃப்ட்காரர் சொல்ல வாயெடுத்தார். அப்போது கயிறு இறுகுவது இடுப்பில் தெரிந்தது. கட்டுகிறான், ஆரம்பித்துவிட்டது! வாயை இறுக மூடிக்கொண்டார்.

மற்றவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் லாரியின் நிழலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட் எத்தனை நிமிஷம் தாங்குவான் என்று பந்தயம். ஒரு கூச்சல் கேட்டால் போதும், சிரித்துக்கொண்டே ஓடி வந்திருப்பார்கள். ஓடி வந்திருப்பார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சடசடவென்று ஏதோ முறிந்தது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழேயிருந்து மைத்துனனின் குரல் வந்தது, மெல்லிசாக, மூச்சு இல்லாமல்.

"மாமா... மாமா... ஆள கூப்பிடு."

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். 'படவா, என்னமா நடிக்கிறான்! சொந்த அக்கா புருஷன்கிறதால கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கிறானா பாரு' என்று மெச்சிக்கொண்டார். குரல் மறுபடி வந்தது. நெஞ்சு என்றது, தண்ணி என்றது. லிஃப்ட்காரர் ஒரு சின்னக் குச்சியை ஒடித்துக் குரல் வந்த திசையில் குறிபார்த்துப் போட்டார். அது அவன் மேல் பட்டதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் குரல் நின்றுபோனது. சலித்துப்போய்ச் சாப்பிடப் போய்விட்டான் என்று நினைத்தார்.

வயிறு கத்தியது. எறும்பு கடித்தது. மூத்திரத்தை அடக்க முடியாமல் காலோடு போக விட்டார். அத்தனைக்கும் அவர் சந்தோஷமாக இருந்தார். நாளைக்கு முன்சீட்டில் உட்கார்ந்து வருவதையும், தெருமுனையில் இறங்கும்போது மனைவி பார்ப்பதையும் நினைத்து நினைத்துப் பூரித்தார்.

சாப்பாடு முடிந்து கீழே காலடிச் சத்தம் கேட்டது. உடனே அலறல். மேஸ்திரியின் குரல் தொண்டை கிழிய வந்தது.

"யோவ் லிஃப்ட்! என்னய்யா ஆச்சு? இவன் மேல கிளை எப்ப விழுந்துச்சு? சொல்லித் தொலைய்யா!"

லிஃப்ட்காரர் வாயைத் திறக்கவில்லை. மேஸ்திரியே நடிக்க இறங்கிவிட்டாரா, அப்படியானால் நாம் பெரிய ஆள்தான் என்று மார்பு விரிந்தது. கீழே அவர்களுக்கு நிற்க நேரமில்லை. கிளையைப் புரட்டி ஆளைத் தூக்கிக்கொண்டு லாரியில் போட்டுப் பறந்தார்கள். கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் எப்போது அடிபட்டது என்று கேட்டார். மேஸ்திரிக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் மரத்தில் இருந்தார்.

பொழுது சாயும்போது அந்தப் பெயின்டர்தான் திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்தான். லிஃப்ட்காரர் கால் மரத்துப்போய், ஈரக் கால்சட்டையோடு, வாயெல்லாம் பல்லாக இறங்கினார்.

"எப்படி? ஒரு சத்தம் கேட்டுச்சா? ஒரு சத்தம்?"

பெயின்டர் தரையைக் காட்டினான். தழையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதன் மேல் அவர் ஒடித்துப் போட்ட குச்சியும் கிடந்தது.

மைத்துனனின் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் மேஸ்திரி லிஃப்ட்காரரின் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தலையைச் சொறிந்து, துக்கம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவன் போனதுல ஏறுறதுக்கு ஆள் பத்தல. இவரு அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலியே. நெஞ்சழுத்தம் உள்ள ஆளு. நாளைலேருந்து இவரையே ஏத்திடலாம்னு பார்க்கிறேன்."

அவர் போன பிறகு மனைவி கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அவன் உங்களக் கூப்பிட்டானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

"கூப்பிட்டான்."

"என்னன்னு கூப்பிட்டான்?"

"மாமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. சொன்னா ஏற விடமாட்டாங்க."

அவள் அழவில்லை. அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "அவன் பொண்டாட்டி பிள்ளைக்கும் இனிமே நீங்கதான் சோறு போடணும். போய் ஏறுங்க" என்றாள். அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது.

மறுநாள் லாரி வந்தது. பின்னால் ஏறப்போனவரை மேஸ்திரி தோளைத் தொட்டு நிறுத்தி, முன்கதவைத் திறந்துவிட்டார். லிஃப்ட்காரர் ஏறி உட்கார்ந்தார்.