சிவப்பு மாட்டுக்கு ஒரு சுவர்

நசீமாவைக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் அவள் காதில் விழும். முதல் தடவை கூப்பிடும்போது ஆள் அங்கே இருப்பாள், நினைப்பு வேறெங்கோ மேய்ந்துகொண்டிருக்கும். சுந்தரபாண்டியத்தில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டு, ராஜபாளையத்தில் படங்களுக்குப் பிரேம் போடும் கடையில் வேலை பார்க்கிறவள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போச்சு. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய், வெயிலில் நடந்து திரும்பிய நாட்கள் பல உண்டு.

ஊரார் வீட்டுச் சுவர்ப் படங்களுக்கெல்லாம் அவள் கைதான் கண்ணாடி போடும். முருகன், மாதா, கல்யாண ஜோடிகள், மாலைக்குக் காத்திருக்கும் காலமானவர்கள். அவள் வீட்டு ஹாலிலோ ஒரு கடிகாரம் மட்டும். உருவப்படம் மாட்டிய இடத்துக்கு மலக்குமார்கள் என்னும் வானவர்கள் வரமாட்டார்கள் என்று அவள் கணவர் மைதீன் பிச்சை சின்ன வயதிலிருந்து நம்பியவர், அவளும்தான். மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடையை அடைத்துவிட்டு வந்து அந்த ஹாலில்தான் அவர் தொழுவார். கல்யாண போட்டோவே பீரோவுக்குள் கிடந்தது. அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, ஷெரின் கடைக்கு வரும்வரை.

ஷெரின் ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய ராஜபாளையத்துப் பெண். புது வீட்டில் மாட்டுவதற்கென்று ஒரு கட்டுப் படங்களைக் கொண்டுவந்தாள். எல்லாம் அந்த நாட்டுக் குழந்தைகளின் பழைய பொம்மைகள்: எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காரும் குண்டுப் பொம்மை, காகிதக்கூழ் நாய், பம்பரம், கழுத்து ஆடும் சிவப்பு மாடு. மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு பலகையாக மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்தவை. நசீமா மாட்டுப் படத்தின் பின்புறத்தைத் தடவினாள். பலகை அழுத்திய மேடுபள்ளம் விரலில் பட்டது. அவ்வளவுதான், ஆள் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் கடைக்காரி கிருபாபாய் மேஜையில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு மாடு மெல்லக் கழுத்தை ஆட்டியது. காகிதத்தை விட்டு இறங்கி, சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளுக்குள் புகுந்து புறப்பட்டு, ரோட்டைக் கடந்து, மேற்கே மலையைப் பார்த்து நடந்தது. அய்யனார் கோவில் ஓடையில் வாய் வைத்தது. ஓடை முழுவதும் சாயம் இறங்கிவிடுமோ என்று நசீமா பதறினாள்.

"ஏட்டி நசீமா, எம்புட்டு நேரமா கூப்பிடுதேன்! பிரேம் கட்டையை வெட்டலையா?"

"இந்தா வெட்டுதேன்க்கா. மாடு தண்ணி குடிச்சு முடிக்கட்டும்னு இருந்தேன்."

"கர்த்தரே!" என்று கிருபாபாய் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மாட்டுப் படம் மட்டும் இரண்டு இருந்தது. பிரேம் போட்டவற்றை வாங்க வந்த ஷெரின், நசீமாவின் பார்வையைக் கவனித்துவிட்டாள். "ஒண்ணு நீங்க வச்சுக்கோங்கக்கா. வேண்டாம்னா மட்டும் வெள்ளிக்கிழமை குடுத்துருங்க. சென்னைக்குப் போறேன், அங்க ஒரு ஃபிரண்டு கேட்டுக்கிட்டே இருக்கா."

நசீமா படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தன் வீட்டுச் சுவருக்கென்று அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. இதற்கு ஆசைப்பட்டாள், அப்படி ஆசைப்பட்டாள்.

அன்று சாப்பாடு வைக்கும்போது மெல்லக் கேட்டாள். "ஏங்க, ஒரு மாட்டுப் படம். ஹால்ல மாட்டட்டா? உங்களுக்குப் பிடிக்கலன்னா வேணாம்."

மைதீன் பிச்சை வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர். அன்று ஒன்றுமே செலவழிக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். சாப்பிடுவார், சுவரைப் பார்ப்பார், எழுந்து போய்விடுவார். கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். வாயே திறக்காத மனிதரிடம் என்னத்தைப் பேச? வெள்ளிக்கிழமை காலை படத்தை அட்டைக்குள் வைத்து ஷெரினிடம் நீட்டினாள். "எங்க வீட்ல சரிப்படாதும்மா." சாயங்காலம் வேலை முடிந்து திரும்பி வரும் பஸ்ஸில் அழுகை வந்தது. ஒரு மாட்டுக்காகவா அழுகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால், ஹாலில் தொழுகைப் பாயைக் காணவில்லை. உள் அறையில் பீரோ இடம் மாறியிருந்தது. இழுத்த தடம் தரையில் கிடந்தது. அது நின்ற மூலையைத் துடைத்துப் பாய் விரித்திருந்தது. ஹால் சுவரில் புது ஆணி. ஜும்மா தொழுகைக்குப் பிறகு கடையைத் திறக்காத மைதீன் பிச்சை, இடுப்பைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பீரோவை எங்கிட்டுத் தள்ளுறதுன்னுதான் இத்தனை நாளா ரோசனை. நான் உள்ரூம்ல கதவைச் சாத்திட்டுத் தொழுதுக்கிடுதேன். எங்க உன் மாடு? கொண்டா."

நசீமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குடுத்துட்டேங்க. நீங்க பேசவே இல்லையே. அந்தப் புள்ள சென்னைக்குக் கிளம்பிட்டா."

இருவரும் அந்த ஆணியையே பார்த்தார்கள்.

"நான் பேசியிருக்கணும்" என்றார் அவர். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, "எப்படி இருக்கும்னாவது சொல்லு" என்றார்.

எழுந்து உலை வைத்துவிட்டு வந்து சொன்னாள். எப்படிப்பட்ட சிவப்பு, கறுப்பு வட்டம் எங்கெங்கே, கழுத்து எந்தப் பக்கம் சாயும், எல்லாம். "கொம்பு?" என்றார். "வாலு?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அத்தனை கேள்வி கேட்டதில்லை. உலை கொதித்து வழிந்தது இருவருக்குமே காதில் விழவில்லை.

மறுநாள் போன் செய்தபோது, படம் தோழி வீட்டுச் சுவரில் ஏறியாகிவிட்டது என்றாள் ஷெரின். திருப்பிக் கேட்க நசீமாவுக்கு மனம் வரவில்லை.

அந்த ஆணியில் வேறெதையும் அவள் மாட்டவில்லை. போன வாரம் மைதீன் பிச்சை ஞாபகமில்லாமல் சட்டையை மாட்டப் போனார்.

"ஏங்க, அங்க மாடு நிக்குல்லா!"

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.