மழை பெய்தால் பள்ளிக்கூடம்

வாத்தியார் வேலைக்கு வெளியூர் போகிற பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். என்னத்தைச் சொல்ல? நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஆளில்லாத மணி

இலங்கையில் எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். என் அண்ணன் அங்கே டிஸ்பென்சர், தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிறவன். தோட்டத்துத் துரை பள்ளிக்கூடம் வைக்கப்போகிறார் என்றதும், திருநெல்வேலியில் டீச்சர் படிப்பு முடித்துச் சும்மா இருந்த என்னை வரவழைத்தான். சும்மா என்றால் முழுச் சும்மாவும் இல்லை. சித்தப்பா எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், தோளுக்கு வளர்ந்த பிள்ளைகள். "வேலை நிலைக்கலைன்னா பேசாம வந்து கழுத்தை நீட்டணும்" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் கப்பலேற விட்டார். ஆக, அந்தப் பள்ளிக்கூடம் மூடினால் நான் இரண்டாம் தாரம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் நாள் பளிச்சென்று வெயில். தலைவாரிப் புடவை மடிப்பு எடுத்துக் கட்டி மணியடித்தேன். ஒரு கோழி வந்தது. மறுநாளும் வெயில், மறுநாளும் மணி, அதே கோழி. அதற்கடுத்த நாள் விடியும் முன்பே வானம் கிழிந்து கொட்டியது. எங்கள் சீமையில் நாலு தூறல் விழுந்தால் பள்ளிக்கூடம் லீவு. நிம்மதியாக இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அண்ணன் கதவைத் தட்டினான். "ஏட்டி, அங்க புள்ளைக எல்லாம் வந்து நிக்கி. நீ என்ன தூங்குதே?"

போய்ப் பார்த்தால் லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீடுகளிலிருந்து பிள்ளைகள் மொத்தமும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "டீச்சரம்மா ஏன் லேட்டு?" என்று என்னைக் கேட்கிறார்கள்! விஷயம் இதுதான். ரப்பர் மரத்துப் பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது, பால் கண்டபடி வழிந்து வீணாகிவிடும். அதனால் மழை நாளில் வேலை இல்லை. வெயில் நாளில் பிள்ளைகள் தாய் தகப்பனோடு மலைக்குப் போய்ப் பால் பிடிக்கிற சிரட்டை துடைக்க வேண்டும், வாளி தூக்க வேண்டும். ஆக, மழை பெய்தால் பள்ளிக்கூடம், வெயிலடித்தால் கோழி.

2. "எப்ப ஊருக்குப் போறீங்க?"

அங்கே எனக்குச் சொந்தமாக ஒரு மூச்சுகூட இல்லை. நான் என்ன கறி வைத்தேன் என்பது சட்டி இறங்கும் முன்பே கடைசி லயத்துக்குத் தெரியும். எனக்கு எத்தனை வயது, ஏன் கல்யாணம் ஆகவில்லை, ஏதாவது குறையா என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். பலாக்காய் விற்க வரும் சிங்களத்து அம்மா, காயை இறக்கும் முன் "கசாத பெந்தலாத?" என்பாள். அந்த பாஷையில் நான் முதலில் கற்றுக்கொண்டது "கல்யாணம் ஆச்சா?" என்ற கேள்வியைத்தான். இரக்கப்பட்டு ஆளுக்கொரு பலாக்காய் கொடுப்பார்கள். காலையில் பலா, மத்தியானம் பலா, ராத்திரி பலா. அட்டைக் கடியைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் வேண்டும்.

இதெல்லாம் போகட்டும். தலைக்கங்காணி மாரிமுத்து என்னைக் காணும்போதெல்லாம், "எப்ப ஊருக்குப் போறீங்க டீச்சரம்மா?" என்பார். அவருடைய பாட்டன் வந்ததும் என் சீமையிலிருந்துதான். ஆனாலும் அவர்கள் தோட்டத்து ஆட்கள், நான் ஊரிலிருந்து வந்தவள். எரிச்சல் எரிச்சலாக வரும்.

3. வெயிலில் வந்த இன்ஸ்பெக்டர்

பள்ளிக்கூடம் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, பளபளக்கும் சப்பாத்து. தோட்டத்துக்கு வர ஓயா என்கிற காட்டாற்றைக் கடக்க வேண்டும். ஒற்றை மரம்தான் பாலம். மழை என்றால் மரத்துக்கு மேலே தண்ணீர் ஓடும். அதனால் அவர் வெயிலில்தான் வருவார். வந்து கோழியைப் பார்த்தார்.

"ரீச்சர், பிள்ளையள் எங்கை?"

"மழை நாள்ல வந்து பாருங்க ஐயா, நிக்க இடம் இருக்காது."

"மழையிலை நான் என்னெண்டு ஆத்தைக் கடக்கிறது?"

அடுத்த முறையும் வெயில், அடுத்த முறையும் கோழி. "இன்னொருக்காலும் இப்பிடியெண்டால் மூடச்சொல்லித்தான் எழுதுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கங்காணியிடம் ஓடினேன். "அவர் வர்ற அன்னைக்கு மட்டும் புள்ளைகளை விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வெயில் நாளு பால் நாளுங்க. பால் தொரைக்கு, மழை ஒங்களுக்கு. நான் என்னங்க செய்ய?"

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கத்தினேன், அழுதேன். சித்தப்பாவுக்குக் கழுத்தை அளவெடுத்து அனுப்பச் சொன்னேன்.

மூன்றாம் முறை வந்தார். சுள்ளென்று வெயில். என்னைப் பார்க்காமலே உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அப்போதுதான் மலையுச்சி கறுத்து, காற்று அடித்து, கொட்டத் தொடங்கியது. பிள்ளைகள் வாளியும் கையுமாகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஓடினார்கள்.

"பாருங்கோ, எங்களைக் கண்டுதான் ஓடுதுகள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பால்ல தண்ணி விழுறதுக்குள்ள சேர்க்க ஓடுதுங்க. பொறுங்க ஐயா!" என்று அதட்டியேவிட்டேன்.

பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, கையில் பால் காய்ந்து பிசுபிசுக்க, சாக்கோடு வந்து குவிந்தார்கள். பெஞ்சு போதாமல் இன்ஸ்பெக்டரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார்கள். வாசிக்கச் சொன்னார், வாசித்தார்கள். வாய்ப்பாடு கேட்டார், ஓட்டுக்கு மேல் மழை இரைவதையும் மீறிக் கத்தினார்கள். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் போக முடியவில்லை. பாலத்தைக் காணோம். மழை விடுகிறவரை எங்கள் வீட்டில்தான் வாசம். அண்ணனுடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு, பலாக்காய் தின்றுகொண்டு, காலில் அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார். லயமே வந்து சுற்றி நின்றது. கங்காணி ஆரம்பித்தார்.

"ஐயாவுக்கு எத்தன வயசுங்க? கல்யாணம் ஆயிருச்சுங்களா? எப்ப ஊருக்குப் போறீங்க?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. "இந்த ரீச்சரிட்டையும் இப்பிடித்தான் கேக்கிறனீங்களோ?" என்றார்.

கங்காணி திரும்பி என்னைப் பார்த்தார். "அவங்கள எதுக்குங்க கேக்கணும்? அவங்க நம்ம தோட்டத்து ஆளு."

காணும்போதெல்லாம் கேட்ட மனுஷன்! சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பலாக்காயைப் பார்க்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இன்ஸ்பெக்டர் துரையிடம் பேசி, பாலை எடை போட்டு முடிந்த பிறகு மத்தியானம் பள்ளிக்கூடம் என்று ஏற்பாடு செய்தார். நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் பழைய பழக்கத்தை விடவில்லை. மழை பெய்தால் காலையிலேயே வந்து நிற்பார்கள், மத்தியானமும் வருவார்கள். வெயிலிலும் பள்ளிக்கூடம், மழையிலும் பள்ளிக்கூடம். எனக்குத்தான் லீவு இல்லாமல் போயிற்று.

ஆகவே புது ஊருக்குப் போகிற பிள்ளைகளே, மணியடிக்கும் முன் அந்த ஊர் எப்போது வேலைக்குப் போகிறது என்று பாருங்கள். "எப்ப ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். நான் கோபப்பட்டேன். கங்காணி கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டதை நான் கவனிக்கவே இல்லை.