ஆறரைக்கு மேல் சுடுதண்ணி இல்லை

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. பழுது ஒன்றுமில்லை, என் மனைவி அப்படி வைத்திருக்கிறாள். அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்திப் போனால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவார், பாதி நாள் சம்பளம் போய்விடும். கந்தப்பளைப் பக்கத்து லய வீடுகளில் பல கடிகாரங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. வெளியே கிளம்பும்போது அவரவர் மனதுக்குள் அரை மணியைக் கழித்துக்கொள்வோம்.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சிரிக்க உதவும்.

நேரத்துக்கு ஒரு விலை என்று கணக்கெடுக்கும் மீட்டருக்கு மின்சாரக் கந்தோரில் விண்ணப்பித்தது நான்தான். மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை கரண்ட் விலை மிக அதிகம். பத்தரையிலிருந்து காலை ஐந்தரை வரை மிக மலிவு. பகல் விலை இரண்டுக்கும் நடுவில். மீட்டரைச் சுவரில் பூட்டிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு, சிவப்பு மையால் எழுதி, கடிகாரத்துக்கு நேர் கீழே ஒட்டினேன். ஹீட்டர் காலை ஐந்தரைக்குள், தவறினால் மாலை ஆறரைக்குள். ஆறரைக்கு மேல் சுடுதண்ணி இல்லை. அயர்ன், தண்ணீர் மோட்டார் எல்லாம் பத்தரைக்குப் பிறகு.

நான் விடிவதற்கு முன்பே எழுந்து சுடுதண்ணியில் குளித்துவிடுவேன். மனைவிக்கு அந்த நேரம் ரொட்டி சுடவும் சம்பல் அரைக்கவும்தான் சரியாக இருக்கும். அவள் குளிப்பது மாலையில். கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, மேல்மலையிலிருந்து இறங்கி வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து, காலில் ஏறிய அட்டைகளைத் தட்டிவிட்டு அவள் நிமிரும்போது கடிகாரம் ஆறரையைத் தாண்டியிருக்கும். தாளை ஒருமுறை பார்ப்பாள். பிறகு பச்சைத்தண்ணியை மொண்டு ஊற்றிக்கொள்வாள். மழை மாதங்களில் எங்கள் பக்கத்துத் தண்ணீரில் கை வைத்தாலே விரல் விறைக்கும். அவளுடைய விரல்கள் ஏற்கெனவே கொழுந்துக் காம்பு கிழித்து வெடித்தவை.

இரண்டு பில் வந்தன. இரண்டிலும் நான் எதிர்பார்த்த குறைவு இல்லை. மூன்றாவதும் அப்படியே வந்தபோது எனக்குக் கோபம் வந்தது.

"நான் இல்லாத நேரம் ஹீட்டரப் போடுறியா?" என்று கேட்டேன்.

"நான் தொடவே இல்லங்க" என்றாள். அவளுக்கு அப்போது மார்ச்சளி கட்டி, பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டிருந்தாள். இருமலைக் கேட்டேன், ஆனாலும் முழுதாக நம்பவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் மீட்டர் பார்க்க வந்தவரை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டேன். உங்கள் மீட்டரில் ஏதோ கோளாறு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் பொத்தானை அழுத்தி மீட்டரிலேயே மணி தெரிவதைக் காட்டினார். பதினொன்றேகால். திறந்திருந்த கதவு வழியே எங்கள் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டாக ஒரு கால் மணிதான் இருந்தது. சேர், மீட்டர் சரி, உங்கள் கடிகாரம்தான் அரை மணி முந்தி ஓடுகிறது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் வாசலிலேயே நின்றேன். ஊருக்கெல்லாம் கழித்தல் படிப்பிக்கிறவன், வெளியே போகும்போதெல்லாம் கழிக்கிறவன், அந்தத் தாளைப் பார்க்கும்போது மட்டும் கழிக்கவில்லை. பத்தரை என்று நினைத்து நான் அயர்ன் போட்டதும் மோட்டார் போட்டதும் சரியாகப் பத்து மணிக்கு, விலை உச்சத்தில் இருந்த நேரத்தில். பில் குறையாததற்குக் காரணம் என் சட்டைகள். அவள் பச்சைத்தண்ணியை ஊற்றிக்கொண்டதோ ஆறு மணிக்கு. இன்னும் அரை மணி நேரம் பகல் விலைதான்.

அன்று அவள் வருவதற்கு முன்பே ஹீட்டரைப் போட்டு வைத்தேன். வந்தவள் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, "மணி ஆறரையாச்சே" என்றாள். நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க கணக்கு சேரு. அரை மணியக் கூட்டித்தான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றப் போனேன்.

"அதத் தொடாதீங்க. பெரட்டுக்குப் போறது நான். தாள மாத்துங்க."

இறங்கித் தாளைக் கிழித்தேன். புதுத்தாளில் ஆறரையை ஏழாக்கி, பத்தரையைப் பதினொன்றாக்கிவிட்டு, காலை ஐந்தரைக்கு வந்தபோது பேனா நின்றது. துண்டைத் தோளில் போட்டபடி அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வரிய மாத்தாட்டியும் பரவாயில்லங்க" என்றாள். "இத்தன நாளா ஒங்க குளிப்புக்கு மட்டும் ஒரு கொறையும் வரலயே."

குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. அவள் வெளியே வர வெகுநேரம் ஆனது. கடிகாரம் ஏழைத் தாண்டியது, ஹீட்டரை நிறுத்த நான் எழுந்திருக்கவில்லை.